லினக்ஸ் மக்கர் செய்யும்போது: ஒரு டைப்பிங் கடை நோட்டிலிருந்து

பட்டுக்கோட்டையில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். பத்திர எழுத்தர்கள் எழுதிக் கொடுப்பதை முத்திரைத்தாளில் அடித்துத் தருவதுதான் பிரதான வேலை. மனு, வாடகை ஒப்பந்தம், ஜெராக்ஸ், ஸ்கேன் எல்லாம் அதற்கு மேல் வருவது. கடையில் ஒரு டெஸ்க்டாப், ஒரு லேப்டாப். டெஸ்க்டாப் ஆறாம் தலைமுறை ஐ3, லேப்டாப் ஏழாம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிகிறது என்றார்கள். விண்டோஸ் 11 பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏற்காது. நன்றாக ஓடுகிற இரண்டு மெஷினைத் தூக்கிப் போட எனக்கு மனசில்லை. அந்த வருஷம் ஆடி மாதம், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸில் ஒரு வகையான மின்ட் 22.1 போட்டேன். ஆடியில் பத்திரம் பதிய யாரும் வர மாட்டார்கள், கடை காற்று வாங்கும். நீங்களும் மாறுவதாக இருந்தால் உங்கள் தொழிலில் ஆடி எதுவோ அந்த மாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாறுவது ஒன்றும் கஷ்டமில்லை, அரை மணி நேர வேலை. கஷ்டம் அதற்குப் பிறகு வருகிறது. பெரிதாக எதுவும் உடையாது. நேற்று வந்த வைஃபை இன்றைக்கு வராது. மூடி வைத்த லேப்டாப் விழிக்காது. பிரிண்ட் கொடுத்தால் பிரிண்டர் சும்மா உட்கார்ந்திருக்கும். வாடிக்கையாளர் எதிரில் நிற்கும்போது இதெல்லாம் நடந்தால் ஆத்திரம்தான் வரும். நானும் முதல் மாதம் இணையத்தில் தேடி, கண்ணில் பட்ட கட்டளைகளையெல்லாம் காப்பி செய்து ஒட்டினேன். மூன்றாவது வாரம் சவுண்டே போய்விட்டது. ஒட்டிய பதினைந்தில் எது அதைக் கெடுத்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை, திரும்ப முதலிலிருந்து போட்டேன்.

அன்றைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். இடது பக்கம் தேதி, என்ன மக்கர் செய்தது. வலது பக்கம் நான் மாற்றியது. சரியானதும் அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிடுவேன். ஒரு நாளைக்கு ஒரே ஒரு மாற்றம், அதற்கு மேல் கை வைப்பதில்லை. கீழே இருப்பது அந்த நோட்டிலிருந்து எடுத்தது. முடிந்தவரை மெனுவில் எங்கே போக வேண்டும் என்றுதான் சொல்லியிருக்கிறேன், கட்டளைகளை அடிக்கும் டெர்மினலுக்கு அதிகம் போகவில்லை.

போடுவதற்கு முன்னால்

மின்ட்டைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே மெஷினை ஓட விடலாம். ஹார்டு டிஸ்க்கில் எதுவும் மாறாது. எல்லோரும் இதைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு இன்ஸ்டால் பட்டனை அழுத்திவிடுகிறார்கள், நானும் அப்படித்தான் செய்தேன். இரண்டு சாயங்காலம் அதிலேயே வேலை பாருங்கள். வைஃபை அரை மணி நேரம் விடாமல் நிற்கிறதா, லேப்டாப்பை மூடித் திறந்தால் எழுந்திருக்கிறதா, உங்கள் பிரிண்டரில் ஒரு பக்கம் வருகிறதா, ஸ்கேனர், கேமரா, ஹெட்போன், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அங்கே மக்கர் செய்வது இன்ஸ்டால் செய்த பிறகும் செய்யும், ஆனால் முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

இன்ஸ்டால் செய்யும்போது மொழி கேட்கிற இடத்தில் ஆங்கிலம் வேண்டுமென்றால் இந்திய ஆங்கிலத்தையே தேர்ந்தெடுங்கள். அமெரிக்க ஆங்கிலத்தைச் சொடுக்கினால் தாள் அளவு ஏ4க்குப் பதிலாக லெட்டர் என்று உட்கார்ந்துகொள்ளும், தேதியில் மாதம் முன்னால் வரும். லெட்டர் தாள் ஏ4ஐ விட அகலம் கொஞ்சம் கூட, உயரம் குறைவு. நான்கு நாள் எல்லாப் பிரிண்ட்டும் அடியில் வெட்டுப்பட்டு வந்ததற்கு இதுதான் காரணம் என்று எனக்குத் தெரியவில்லை. ஏற்கனவே போட்டாயிற்று என்றால் லாங்வேஜஸ் அமைப்பில் பிராந்தியத்தை இந்தியாவுக்கு மாற்றி, லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள்.

இன்ஸ்டால் முடிந்ததும் வேறு எதற்கும் முன்னால் மின்ட்டோடு வரும் டைம்ஷிஃப்டைத் திறந்து ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது சிஸ்டத்தின் அப்போதைய நிலையின் நகல், எடுத்துவிடுங்கள். பிறகு தினமும் ஒன்று, கடைசி ஐந்து மட்டும் வைத்துக்கொள் என்று சொல்லிவிடலாம். ஏதாவது கெட்டுப்போனால் நேற்றைய நிலைக்குத் திரும்பலாம். மெஷின் எழுந்திருக்கவே இல்லையென்றால் அதே இன்ஸ்டால் பென்டிரைவில் பூட் செய்து, அதிலுள்ள டைம்ஷிஃப்ட் வழியாகத் திருப்பலாம். ஆகவே அந்தப் பென்டிரைவை அழிக்காதீர்கள். என்னுடையது கல்லாப் பெட்டியில் சில்லறைக்கு அடியில் கிடக்கிறது.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்: டைம்ஷிஃப்ட் காப்பாற்றுவது சிஸ்டத்தை மட்டும். உங்கள் பத்திரங்கள், படங்கள் இருக்கும் ஹோம் ஃபோல்டரை அது தொடுவதில்லை. அதற்கு வெளியே ஒரு டிஸ்க்கில் தனியாகக் காப்பி வேண்டும்.

வைஃபை

முதல் நாளே வைஃபை வரவில்லையென்றால், வைஃபை கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் இல்லை என்று அர்த்தம். டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். இந்தச் சிக்கலை உங்கள் போன் தீர்க்கும். யுஎஸ்பி கேபிளில் போனைச் செருகி, போனில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள், இணையம் வந்துவிடும். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்தால் உங்கள் சிப்புக்கு ஏதாவது இருந்தால் காட்டும்.

டிரைவர் இன்ஸ்டால் ஆகும்போது செக்யூர் பூட்டுக்காக (அனுமதியில்லாத மென்பொருளை மெஷின் தொடங்கும்போதே தடுக்கும் பாதுகாப்பு) ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொன்னால் அதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட் செய்யும்போது ஒரு நீலத் திரை வரும், ஏதாவது ஒரு கீயை அழுத்து என்று சொல்லிப் பத்து வினாடி எண்ணும். நான் அந்த நேரம் பார்த்து டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது மெஷின் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது, வைஃபை இல்லை. அந்தத் திரையில் என்ரோல் என்பதைத் தேர்ந்தெடுத்து, வைத்த பாஸ்வேர்டைக் கொடுத்தால்தான் டிரைவருக்கு உள்ளே நுழைய அனுமதி கிடைக்கும். தவறவிட்டால் டிரைவரை நீக்கிவிட்டுத் திரும்பப் போடுங்கள், நீலத் திரை மறுபடி வரும். அப்போது எழுந்து போகாதீர்கள்.

எனக்கு இதைவிடத் தொல்லை கொடுத்தது வேறு. வைஃபை இருக்கும், சிக்னல் முழுதாகக் காட்டும், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எதுவும் திறக்காது. "அக்கா, நெட் போயிருச்சு" என்று கடையில் வேலை பார்க்கும் பெண் சொல்வாள். ரூட்டரை அணைத்துப் போடுவோம். ரூட்டர்க்காரரிடம் இரண்டு முறை சண்டை போட்டேன், பாவம், அவர் மேல் தப்பே இல்லை. மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக வைஃபை கார்டு அவ்வப்போது கண்ணயரும்படி லினக்ஸில் அமைப்பு இருக்கிறது. சில கார்டுகள் கண்ணயர்ந்தால் சரியாக எழுந்திருப்பதில்லை.

மாற்றுவது எளிது. ஃபைல் மேனேஜரில் சிஸ்டத்தின் மூல ஃபோல்டருக்குப் போய், ஈடிசி, அதற்குள் நெட்வொர்க்மேனேஜர், அதற்குள் கான்ஃப் டாட் டி (/etc/NetworkManager/conf.d) என்று நுழையுங்கள். ரைட் கிளிக் செய்து ரூட்டாக, அதாவது முழு அதிகாரத்தோடு, திற என்பதைச் சொடுக்குங்கள். வைஃபை பவர்சேவ் என்று பெயரிலேயே எழுதியிருக்கும் ஒரு ஃபைல் அங்கே இருக்கும். அதில் பவர்சேவ் சமம் 3 என்ற வரியில் 3ஐ 2 ஆக்கிச் சேமித்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். 3 என்றால் தூங்கு, 2 என்றால் தூங்காதே. என் நோட்டில் ஒரே மாற்றத்தில் அடிபட்ட முதல் வரி இதுதான்.

பிரிண்டர்

என் கடையின் உயிர் பிரிண்டரில்தான் இருக்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

லினக்ஸில் பிரிண்டர் வேலையைக் கவனிப்பது கப்ஸ் என்ற ஒன்று. நெட்வொர்க்கில் இணைக்கிற புதிய பிரிண்டர்கள் பெரும்பாலும் டிரைவரே இல்லாமல் வேலை செய்கின்றன. பழைய, மலிவான, கேபிளில் மட்டும் இணைகிற சின்ன லேசர் பிரிண்டர்கள்தான் படுத்தும். பக்கத்தை உருவாக்கும் வேலையை அவை கம்ப்யூட்டரின் தலையில் கட்டிவிடும், அதற்கென்று தனி மொழி பேசும் டிரைவர் வேண்டும். வாங்குவதற்கு முன்னால் அந்த மாடல் எண்ணையும் லினக்ஸையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள். ஏற்கனவே இருப்பது ஒத்துவரவில்லை என்றால் மூன்று நாளுக்கு மேல் மல்லுக்கட்டாதீர்கள். நான் ஒன்பது நாள் மல்லுக்கட்டினேன். கடைசியில் அந்தப் பிரிண்டரை ஜெராக்ஸ் கடைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பொதுப் பிரிண்டர் மொழி புரியும் பழைய ஆபீஸ் பிரிண்டர் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன்.

புதுப் பிரிண்டரும் ஒரு நாள் சும்மா உட்கார்ந்துவிட்டது. காலையில் பிரிண்டரைப் போடாமலே அந்தப் பெண் பிரிண்ட் கொடுத்திருக்கிறாள். பிறகு போட்டாள். வரவில்லை. திரும்பக் கொடுத்தாள், வரவில்லை. கேபிளைப் பிடுங்கிச் செருகித் திரும்பக் கொடுத்தாள். இங்கே நடப்பது என்னவென்றால், அனுப்பிய வேலை பிரிண்டருக்குப் போய்ச் சேரவில்லை என்றால் கப்ஸ் அந்தப் பிரிண்டரையே நிறுத்தி வைத்துவிடுகிறது. பிரிண்டர் உயிர் பெற்ற பிறகும் நீங்கள் சொல்லாமல் அது வரிசையைத் திறப்பதில்லை. கொடுத்த வேலைகள் மட்டும் பின்னால் சேர்ந்துகொண்டே போகும்.

இது தெரியாமல் நான் வந்து, ஒரு விலைப்பத்திரத்துக்கான முத்திரைத்தாள்களைத் தட்டில் வைத்துவிட்டு, பிரிண்டர் அமைப்பில் ரைட் கிளிக் செய்து எனேபிள் என்பதைச் சொடுக்கினேன். காத்திருந்த மூன்று வாடகை ஒப்பந்த நகலும் வரிசையாக வெளியே வந்தன, முத்திரைத்தாளின் மேல். இரண்டு தாள் போன பிறகுதான் கை ஓடித் தட்டை இழுத்தது. அந்தப் பார்ட்டியிடம் தலைகுனிந்து நின்று, புதிதாக வாங்கிக் கொடுத்தேன்.

ஆகவே வரிசை இது. பிரிண்ட் வரவில்லையா, முதலில் தட்டில் வெள்ளைத்தாள் வையுங்கள். பிரிண்டர்ஸ் அமைப்பைத் திறந்து, உங்கள் பிரிண்டரில் ரைட் கிளிக் செய்து, பிரிண்ட் கியூவைப் பார்த்து, காத்திருக்கும் வேலைகளையெல்லாம் நீக்குங்கள். அதன் பிறகு எனேபிள். அதன் பிறகு ஒரே ஒரு பக்கம். இது திரும்பத் திரும்ப வராமலிருக்க, அதே ரைட் கிளிக்கில் பிராப்பர்டீஸ், அதில் பாலிசீஸ் என்று போங்கள். எரர் பாலிசி என்ற இடத்தில் ஸ்டாப் பிரிண்டர் என்றிருந்தால் அபார்ட் ஜாப் என்று மாற்றுங்கள். வேலை தோற்றால் அந்த வேலை மட்டும் போகும், பிரிண்டர் நிற்காது. ரீட்ரை என்றும் ஒன்று இருக்கிறது, வீட்டுக்கு அது நல்லது. முத்திரைத்தாள் வைக்கிற கடைக்கு ஆகாது. நான் பார்க்காத நேரத்தில் தானாக எதுவும் வெளியே வரக் கூடாது.

ஒரே பிரிண்டர் இரண்டு பெயரில் தெரிந்தாலும் பயப்படாதீர்கள். ஒன்று டிரைவர் வழி, இன்னொன்று டிரைவர் இல்லா வழி. இரண்டிலும் ஒரு பக்கம் அடித்துப் பார்த்து, நன்றாக வருவதை டிஃபால்ட் ஆக்குங்கள்.

எழுத்துரு, வரி, பக்கம்

முத்திரைத்தாளின் மேல்பாதியில் அரசு முத்திரை அச்சாகியிருக்கும், அதற்குக் கீழேதான் நம் எழுத்து தொடங்க வேண்டும். பல வருடமாக வேர்டில் அளவெடுத்து வைத்திருந்த என் மாதிரிப் பத்திரங்களை, மின்ட்டோடு வரும் லிப்ரே ஆபீஸில் திறந்தேன். எல்லாம் சரியாக இருப்பது போல்தான் தெரிந்தது. அடித்துப் பார்த்தால் பக்கத்துக்கு இரண்டு வரி கூடியிருந்தது. சாட்சிக் கையெழுத்து அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட்டது.

காரணம் எழுத்துரு. லதா, நிர்மலா எல்லாம் விண்டோஸோடு வருபவை. மின்ட்டில் அவை இல்லை, அந்த இடத்தில் நோட்டோ மாதிரி ஒன்றை வைத்துவிடும். எழுத்தின் அகலமும் வரி உயரமும் வேறு. ஆங்கிலத்தில் கலிப்ரிக்கு கார்லிட்டோ, டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன் செரிஃப் என்று அதே அகலத்தில் செய்த மாற்று உருக்கள் இருக்கின்றன. ஆங்கிலக் கடிதம் அதனால் தப்பிக்கும், தமிழ்க் கடிதம் தப்பிக்காது. நான் செய்தது: மாதிரிப் பத்திரங்கள் அத்தனையையும் ஒரே எழுத்துருவுக்கு மாற்றி, வரி இடைவெளியை சிங்கிள் என்பதற்குப் பதில் ஃபிக்ஸ்டு என்று வைத்து, வெள்ளைத்தாளில் அடித்து முத்திரைத்தாளோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சரி செய்து லிப்ரே ஆபீஸின் சொந்த வடிவமான ஓடிடியில் சேமித்தேன். நாற்பத்து மூன்று மாதிரிகள், பதினொரு நாள். ஆடி என்பதால் முடிந்தது. வெளியாட்களுக்கு அனுப்புவது இப்போது பிடிஎஃப் மட்டும்தான்.

வானவில், பாமினி என்ற பழைய எழுத்துருக்களின் காலத்து ஃபைல்கள் வைத்திருப்பவர்களுக்கு: ஆங்கில எழுத்தாகக் கொச கொசவென்று தெரிந்தால் ஃபைல் கெடவில்லை, எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். எழுத்துரு ஃபைலை இரட்டைச் சொடுக்கு செய்து இன்ஸ்டால் கொடுங்கள், தமிழ் வந்துவிடும். நேரம் கிடைக்கும்போது யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்வது நல்லது.

தமிழ் அடிப்பது

நான் டைப்ரைட்டிங்கில் தமிழ் ஹையர் பாஸ் செய்தவள், விரல்கள் பழைய தட்டச்சு முறைக்குப் பழகியவை. கடைப் பெண் பழகியது 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகை. இரண்டுமே லினக்ஸில் இருக்கின்றன. மெனுவில் இன்புட் மெத்தட் என்பதைத் திறந்து, தமிழுக்கானதை இன்ஸ்டால் செய்து, ஐபஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள். இந்த லாக்அவுட்டைச் செய்யாமல் ஒரு மணி நேரம் திட்டிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருத்தி. பிறகு ஐபஸ் அமைப்பில் தமிழுக்குக் கீழே தமிழ்99, டைப்ரைட்டர், ஃபொனெடிக் எல்லாம் வரிசையாக இருக்கும்.

இதில் ஒரு மக்கர் உண்டு, கவனம். அடித்த கடைசி எழுத்து அடிக்கோட்டோடு நிற்கும். அடுத்து வருவது புள்ளியா, காலா, கொம்பா என்று பார்த்துக்கொண்டு காத்திருக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் மவுஸை எடுத்து வேறு இடத்தில் சொடுக்கினால் அந்த எழுத்து சில சமயம் காணாமல் போகும், சில சமயம் நீங்கள் சொடுக்கிய புது இடத்தில் போய் உட்காரும். ஒரு மனுவில் "கணவர்" என்பது "கணவ" என்று நின்று, "ர்" மூன்று வரி தள்ளி சர்வே எண்ணுக்குப் பக்கத்தில் கிடந்தது. மவுஸைத் தொடுவதற்கு முன்னால் ஒரு ஸ்பேஸோ அம்புக்குறிக் கீயோ தட்டும் பழக்கத்தை விரலுக்குக் கொடுங்கள். எங்கள் கடையில் இது சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது.

தமிழ் திடீரென்று வரவே இல்லையென்றால் மெஷினை ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம். கீழ்ப்பட்டையில் உள்ள ஐபஸ் குறியில் ரைட் கிளிக், ரீஸ்டார்ட். அவ்வளவே.

பென்டிரைவ்

ஃப்ளெக்ஸ் பேனர் ஃபைல், 900 எம்பி. காதுகுத்து விழா நடத்துகிறவர் பென்டிரைவோடு வந்து நின்றார். காப்பி கொடுத்தேன், பட்டை ஓடி முடிந்து மறைந்தது. பிடுங்கிக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் ஃப்ளெக்ஸ் கடையிலிருந்து போன்: "ஃபைல் திறக்கலைங்க, பாதிதான் இருக்கு." அவர் திரும்ப வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தார்.

லினக்ஸ் முதலில் ரேமில் வாங்கி வைத்துக்கொண்டு பென்டிரைவில் பிறகு மெதுவாக எழுதும். வாங்கி வைத்ததையே முடிந்துவிட்டதாகப் பட்டை காட்டும். மலிவான பென்டிரைவ் வினாடிக்கு 5 எம்பி எழுதினால் 900 எம்பிக்கு மூன்று நிமிடம். பட்டையோ இருபது வினாடியில் மறைந்துவிடும். எஜெக்ட் குறியை அழுத்திவிட்டு, இப்போது எடுக்கலாம் என்ற செய்தி வரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு நல்ல வழி நான் பார்க்கவில்லை. அவசரக்கார வாடிக்கையாளரிடம் "எழுதிட்டிருக்குங்க" என்று சொல்லிவிடுவேன்.

விண்டோஸையும் கூடவே வைத்திருந்தால்

டேலி என்ற கணக்கு மென்பொருளுக்காகவும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்காகவும் டெஸ்க்டாப்பில் விண்டோஸையும் விட்டு வைத்திருக்கிறேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டேலி விண்டோஸுக்கென்று எழுதியது, அதை லினக்ஸில் ஓட்டிக் காட்டுகிறேன் என்று மார்ச் மாதக் கடைசியில் பரீட்சை செய்யாதீர்கள்.

இரண்டும் ஒரே மெஷினில் இருந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டும். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் விண்டோஸ் நம் ஊர் நேரத்தை எழுதி வைக்கிறது. லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டு, இந்தியாவுக்கு 5.30 கூட்டுகிறது. காலை பத்து மணிக்குக் கடை திறந்தால் மாலை மூன்றரை என்று காட்டும். இணையம் கிடைத்ததும் லினக்ஸ் தன்னைத் திருத்திக்கொண்டு, கடிகாரத்தில் பொது நேரத்தை எழுதிவிடும். அடுத்த முறை விண்டோஸ் காலை பத்தை விடிகாலை நாலரை என்று சொல்லும். லினக்ஸிடம் நீயும் ஊர் நேரத்தையே பார் என்று ஒரு முறை சொல்லிவிட்டால் போதும். டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் என்ற கட்டளை, அதற்கு செட் லோக்கல் ஆர்டிசி என்ற சொல், மதிப்பு 1 (timedatectl set-local-rtc 1). நான் இத்தனை மாதத்தில் மனதார ஒட்டிய கட்டளை இது ஒன்றுதான்.

இன்னொன்று. விண்டோஸ் டிரைவில் உள்ள ஃபைலைத் திறக்க முடிகிறது, சேமிக்க முடியவில்லை என்றால், விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத் தூக்கத்தில் இருக்கிறது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதியின் வேலை. விண்டோஸில் கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கத்துக்குப் போய் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். அவசரத்துக்கு, விண்டோஸில் ஷட்டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸுக்கு வந்தாலும் சரியாகும்.

உறைந்துபோனால்

ஸ்கிரீன் அப்படியே நின்றுவிட்டது, மவுஸ் மட்டும் நகர்கிறது என்றால், கன்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டெஸ்க்டாப் மட்டும் புதிதாகத் தொடங்கும், திறந்திருக்கும் பத்திரம் போகாது. மின்ட்டின் சின்னமன் பதிப்பில் இது வேலை செய்கிறது.

மவுஸும் நகரவில்லை, டிஸ்க் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது என்றால் பெரும்பாலும் ரேம் நிறைந்திருக்கும். பவர் பட்டனை அழுத்திப் பிடிக்காதீர்கள். ஆல்ட்டையும் பிரிண்ட் ஸ்கிரீனையும் பிடித்துக்கொண்டு, எஸ், யூ, பி மூன்று எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக, இரண்டு வினாடி இடைவெளி விட்டுத் தட்டுங்கள். மீதியை டிஸ்க்கில் எழுது, டிஸ்க்கைப் பூட்டு, ரீஸ்டார்ட் ஆகு என்று அர்த்தம். சேமிக்காத பத்திரம் போகும், ஆனால் டிஸ்க் கெடாது. சில லேப்டாப்பில் கூடவே எஃப்என் கீயும் பிடிக்க வேண்டியிருக்கும். என் லேப்டாப்பில் 4 ஜிபி இருந்தபோது வாரம் இரண்டு முறை இது நடந்தது. இன்னொரு 4 ஜிபி குச்சி போட்ட பிறகு இல்லை. அமைப்புகளோடு விளையாடியதைவிட அந்தக் குச்சிதான் வேலை செய்தது.

லிப்ரே ஆபீஸ் பத்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் மீட்பு நகல் எடுக்கும். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட் சேவ், ஜெனரல் என்று போய் அதை 2 ஆக்குங்கள். கரண்ட் போகிற ஊரில் பத்து நிமிடம் என்பது ஒரு முழுப் பக்கம்.

கரண்ட் போய் வந்த பிறகு கறுப்புத் திரையில் இனிட்ராம்எஃப்எஸ் என்று நின்றால் பதறாதீர்கள். டிஸ்க்கைச் சோதிக்கச் சொல்கிறது. அதற்கு மேலே ஏதோ ஒரு பார்டிஷனின் பெயர் இருக்கும். எஃப்எஸ்சிகே (fsck), அந்தப் பெயர், கேள்விக்கெல்லாம் ஆமாம் என்பதற்கு ஹைஃபன் ஒய் (-y) என்று அடியுங்கள். முடிந்ததும் எக்ஸிட். எனக்கு ஒரே முறை வந்தது, மறுநாளே யுபிஎஸ் பேட்டரியை மாற்றினேன்.

அப்டேட்

காலை பத்திலிருந்து ஐந்து வரை அப்டேட் செய்யாதீர்கள். சனிக்கிழமை சாயங்காலம், ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் புதிதாக வந்த பிறகு வைஃபையோ சவுண்டோ போனால் பழைய கர்னல் இன்னும் மெஷினிலேயே இருக்கும். மெஷினை ஆன் செய்தவுடன் எஸ்கேப் கீயைத் தட்டினால், பழைய மெஷின் என்றால் ஷிஃப்ட்டைப் பிடித்தால், ஒரு பட்டியல் வரும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் முந்தைய எண்ணைத் தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள். அதில் சரியாக ஓடினால் குற்றவாளி கர்னல்தான். அப்டேட் மேனேஜரில் வியூ மெனுவுக்குக் கீழே கர்னல்கள் பட்டியல் இருக்கிறது, அங்கே வேண்டாததை நீக்கலாம், வேறொன்றைப் போட்டும் பார்க்கலாம்.

ப்ளூடூத் ஹெட்செட்டைப் பற்றிக் கேட்பார்கள். பாட்டு நன்றாகக் கேட்கிறது, மைக்கை ஆன் செய்தால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்றால் அது ப்ளூடூத்தின் இயல்பு, மைக் வந்தால் தரம் குறைந்த அமைப்புக்கு மாறுகிறது. வீடியோ காலுக்கு வயர் உள்ளதை வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் அடிபடாதவை

லேப்டாப்பை மூடினால் தூங்கி, திறந்தால் விழிப்பது, இது ஒன்று மட்டும் எனக்கு முழுதாகச் சரியாகவில்லை. பத்தில் எட்டு முறை விழிக்கும். மீதி இரண்டு முறை கறுப்புத் திரை, ஒரு தடவை பைக்குள் சுடச்சுட இருந்தது. மூன்று கர்னல் மாற்றிப் பார்த்தேன், யுஎஸ்பி மவுஸைப் பிடுங்கிப் பார்த்தேன், பயாஸில் தூக்கம் சம்பந்தமான அமைப்பு இருக்கிறதா என்று தேடினேன், என் மாடலில் இல்லை. உங்களுடையதில் இருந்தால் அதை முதலில் பாருங்கள். நான் பவர் மேனேஜ்மென்ட்டில், மூடினால் ஷட்டவுன் ஆகட்டும் என்று வைத்துவிட்டேன். எஸ்எஸ்டி இருப்பதால் இருபது வினாடியில் எழுந்துவிடுகிறது.

ஸ்கேனரும் நோட்டில் இருக்கிறது. கண்ணாடியில் வைத்தால் ஒரு குறையும் இல்லை. மேல்தட்டில் பத்துத் தாளை வைத்தால் ஏழாவது தாளில் நின்றுவிடுகிறது, தினமும் அதே ஏழு. கடைப் பெண் அது ரோலர் தேய்மானம் என்கிறாள், நான் டிரைவர் என்கிறேன். வரும் சனிக்கிழமை அதே ஸ்கேனரை விண்டோஸில் பத்துத் தாளோடு ஓட்டிப் பார்க்கப் போகிறோம்.